மாத்திரையின் மேல் ஒரு விரல் ரேகை

பழைய பேட்டரிகளை உடைத்து ஈயம் உருக்கும் பட்டறையில் மதிய மணி அடிக்கிறது. உலையருகே நின்றவன் ஓரமாக வந்து, சட்டைப் பையிலிருந்து மாத்திரை அட்டையை எடுக்கிறான். ஈய நச்சு அவனுடைய விந்தணுக்களைச் சிதைத்திருக்கிறது என்றும், மிஞ்சியவற்றைக் காக்க இந்த ஆன்டிஆக்ஸிடன்ட் மாத்திரை துணைசெய்யக்கூடும் என்றும் மருத்துவர் கூறி மூன்று மாதங்கள் ஆகின்றன. நாளை மறுபரிசோதனை. "என்ன மாப்ள, பிள்ளைக்கு இப்பவே சோறூட்டுறியா?" என்று கூட்டாளி சீண்டுகிறான். "போடா, கண்ணு வைக்காத!" என்றபடி அவன் மாத்திரையைப் பிதுக்கி எடுக்கிறான். கூரை ஓட்டையின் வழியே விழும் வெயிலில் அந்த வெள்ளை மாத்திரை பளிச்சிடுகிறது; அதன்மேல் சாம்பல் நிற ஈயத்தூசியில் அவனுடைய விரல் ரேகை அச்சாகப் பதிந்திருக்கிறது. கூட்டாளியின் சிரிப்பு அடங்குகிறது. "டேய், கை கழுவலையா நீ?" "சோத்துக்குத்தான் கழுவுவேன். இது சாப்பாட்டுக்கு முந்திப் போடறதாச்சே..." சொல்லிமுடிப்பதற்குள் அவன் பார்வை அட்டையின் காலிக் குழிகள்மேல் விழுகிறது: மூன்று மாதமாக, தினமும், இதே கையால். அந்நேரம் கைபேசி ஒலிக்கிறது. மறுமுனையில் மனைவி. "என்னங்க, மாத்திரை போட்டாச்சா?" உலை உறுமுகிறது. கூட்டாளி தரையைப் பார்க்கிறான். "ஒரு நாள்கூட விடலம்மா," என்கிறான் அவன். மாத்திரை இன்னும் அவன் உள்ளங்கையிலேயே இருக்கிறது.