கரியைக் கொறைங்கண்ணே!

"ஒருத்தர்கிட்டயும் மூச்சு விடக்கூடாது, கண்ணுச்சாமி. நாலு மணி டீயை இன்னைக்கு மூணு இருபதுக்கே விட்டுருங்க. அம்புட்டுத் தறியையும் ஒரே நேரத்துல நிறுத்தணும். சங்கு ஊதக்கூடாது."

"பிள்ளைக மேல சத்தியமா சொல்ல மாட்டேன் சார்," என்றார் நெசவுப் பிரிவு சூப்பர்வைசர்.

நஸ்ருதீன் உள்ளுக்குள் சிரித்துக்கொண்டார். ராஜபாளையத்து மில்லின் பவர் பிளாண்ட்டுக்கு மேனேஜராக வந்து ஒரு வாரம்தான் ஆகிறது. அதற்குள், 'பாய்லர் ஆபரேட்டர் யுவராணிக்கு பிரஷர் ஏறுவது முன்கூட்டியே தெரியும்' என்று ஆளாளுக்கு அளந்துவிட்டார்கள். அதையும்தான் பார்த்துவிடுவோமே! தோற்றால் இங்கே தானியங்கி மெஷின், அவளுக்குப் பேக்கிங் பிரிவு. அதை அவளிடமே சொல்லியும்விட்டார்.

மூன்று மணிக்குக் கன்ட்ரோல் ரூமில் அவள் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்தார்.

"இன்னைக்குத் திடீர்னு லோடு விழும். எப்பன்னு சொல்ல மாட்டேன்."

"இது அநியாயம் சார்! தறி நின்னா கரண்டு செலவாகாது. டர்பைன் நீராவியக் குடிக்காது. பிரஷர் குபீர்னு ஏறும். கரி அடுப்பு சொன்ன உடனே அடங்குமா? முன்னாடியே தீயைக் கொறைச்சாத்தான் உண்டு. இல்லைன்னா சேஃப்டி வால்வு தொறந்து அலறுத அலறல் எங்க மம்சாபுரம் வரைக்கும் கேக்கும்."

"அதான்மா பரீட்சை."

மூன்று பத்து. பிரஷர் முள் அசையவில்லை. பரீட்சை வைத்தவரே நாற்காலி நுனிக்கு வந்துவிட்டார். பாவம், நல்ல வேலைக்காரி, வீணாக வம்பு பண்ணிவிட்டோமோ என்றுகூடத் தோன்றியது.

மூன்று பதினைந்து. யுவராணி ஜன்னல் பக்கம் திரும்பி, கண்ணை மூடி, ஆழமாக ஒரு மூச்சு இழுத்தாள். அவ்வளவுதான், துள்ளி எழுந்தாள்.

"காமராஜண்ணே! கரியைக் கொறைங்கண்ணே! லோடு விழப்போவுது!"

அடுப்படியில் இருந்த காமராஜ் ஓடிப்போய்க் கரி விழுவதைக் குறைத்தார்.

சொல்லிவைத்தாற்போல மூன்று இருபதுக்குத் தறிச் சத்தம் மொத்தமும் நின்றது. பிரஷர் முள் லேசாகத் தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டுப் பழைய இடத்துக்கே வந்து உட்கார்ந்தது. வால்வு வாயே திறக்கவில்லை.

"எப்படிம்மா?" நஸ்ருதீன் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார்.

"வாசனைதான் சார்," என்று சிரித்தாள் யுவராணி.

"நீராவிக்கு ஏதும்மா வாசனை? அடேயப்பா! மெஷினும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். இந்த சீட்டு உங்களுக்குத்தான்!"

மனசாரச் சொல்லிவிட்டு, கன்ட்ரோல் ரூம் ஜன்னலுக்கு நேர் கீழே இருந்த கேன்டீனுக்கு இறங்கினார். கண்ணுச்சாமி அங்கேதான் டீயும் கையுமாக நின்றார்.

"நெசத்தைச் சொல்லுங்க. யார்கிட்டயாவது நேரத்தைச் சொன்னீங்களா?"

"அய்யோ, என் வீட்டம்மாகிட்டகூட வாய் திறக்கலை சார்!" பதறிப்போனார் கண்ணுச்சாமி. "வடை போடுற ஐயாதுரைகிட்ட மட்டும் மூணேகாலுக்கே சட்டியில போட்ருன்னு சொல்லிவச்சேன். ஆறின வடைய நம்ம ஆளுக தொட மாட்டாகளே!"