பேஸ் நிறையும் இடம்

மகன் கட்டிக்கொண்டு வந்தவள் வாசல் நிலைக்கு வெளியே நின்றிருந்தாள். என் காலில் விழுந்துவிட்டு உள்ளே வரட்டும் என்று சொல்லியிருந்தேன். விழமாட்டேன் என்றுவிட்டாள். அவளைக் காணாதவன்போல, புது ஸ்டீரியோ மாட்ட வந்த ஏசுராஜிடம் கூடத்தில் பேஸ், அந்தக் கனத்த அடிச்சத்தம், நிறையவில்லை என்றேன்.

"ஹால் பெருசுங்கய்யா. பேஸ் பெட்டிய உங்க நாற்காலில வெச்சுப் பாட விடுறேன். பெட்டி அப்புறம் தரையிலதான் இருக்கும், அதனால காத அந்த உயரத்துல வெச்சு நீங்க சுவரோரமா தவழ்ந்து போங்க. எங்க நிறைஞ்சு கேக்குதோ அங்க வெச்சிரலாம்."

"நீ தவழேன்டா."

"கேக்கப்போறது உங்க காதுங்களே."

முடியாது என்றால், அய்யாவுக்கு முட்டி போய்விட்டது என்று ஊரெல்லாம் சொல்வான். அப்பா உட்கார்ந்த நாற்காலியில் பெட்டி ஏறியது. வேட்டியை மடித்துக் கட்டி முட்டி போட்டேன். மூலையில் சத்தம் குழம்பியது. ஜன்னலடியில் ஒன்றுமே இல்லை. நிலைப்படியருகே தரை அதிர்ந்து நெஞ்சுக்குள் ஏறியது. கண்ணெதிரே அவளுடைய மெட்டி.

"இங்கதான் போல, மாமா" என்றபடி மெல்லக் குனிந்து, அவளும் நிலைப்படியில் உள்ளங்கையை வைத்தாள்.

"அங்க பெட்டி வெச்சா ஆளு உள்ள வர வழி இருக்காதேய்யா" என்று கத்தினான் ஏசுராஜ்.

அவள் கையை எடுக்கவில்லை.