ஏழாவது குத்து

வில்லன் நடிகர் தன் சாவுக்கு டப்பிங் கொடுக்க வந்திருந்தார். திரையில் கதாநாயகன் கத்தியால் குத்தக் குத்த, மைக் முன்னால் ஆறு முறை அலறினார்.

“ஏழாவதுக்குக் கத்தலையே அண்ணே?” என்றார் கண்ணாடிக்கு அப்பாலிருந்த ஒலிப்பதிவாளர்.

“ஆறுதானப்பா எடுத்தோம்.”

மறுபடி ஓட்டினார்கள். ஆறாவது குத்தோடு கதாநாயகன் கத்தியை எறிந்துவிட்டுப் போனான். அதை எடுத்து வில்லன் வயிற்றில் இறக்கியது சுண்டுவிரல் இல்லாத ஒரு கை.

போன படத்தில் இவர் குத்திச் செத்துப்போன ஸ்டண்ட்காரனின் கை அது. அட்டைக் கத்திக்குப் பதிலாக நிஜக் கத்தி மாறிப்போச்சு என்று இவர் சொன்னதை எல்லோரும் நம்பியிருந்தார்கள்.

நடிகர் அலறினார்.

“இது போதும்ணே, ஓகே,” என்றார் ஒலிப்பதிவாளர்.

நடிகர் வயிற்றைப் பொத்திக்கொண்டு மண்டியிட்டார். விரலிடுக்கில் ரத்தம் கொப்பளித்தது. திரையில் அந்தக் கை எட்டாவது குத்துக்கு ஓங்கியது.