யாரு வசனம்?

பொன்னுத்தாய்க்கு வயிறு பத்திக்கிட்டு எரிஞ்சுது.

ஆலங்குடி தியேட்டர்ல இடைவேளை. பாப்கார்ன் கடைப் பக்கம் ஒரு ஈ காக்கா இல்லை. கூட்டமெல்லாம் அவ ஓரகத்தி மணிமேகலையைச் சுத்தித்தான். ஆளாளுக்கு செல்போனை நீட்டி செல்ஃபி எடுக்குதுக.

அப்படி என்னத்த நடிச்சுக் கிழிச்சுட்டா? ஒரே ஒரு சீன்!

போன வருசம் இவங்க ஊர்க் கடலைக்கொல்லையிலதான் ஷூட்டிங் நடந்துச்சு. அந்தக் காலத்துக் கதை. ரங்கூனுக்குப் பிழைக்கப் போனவன், பர்மாக்காரப் பொண்ணை ஆசைப்பட்டுக் கட்டி ஊருக்குக் கூட்டியாரான். ஊரு அவளைச் சேத்துக்க மாட்டேங்குது. அவளை வாய்க்கு வந்தபடி ஏசுறதுக்கு ஒரு உள்ளூர்ப் பொம்பளை வேணும்னாங்க.

விடியுறதுக்குள்ள குளிச்சு, கண்டாங்கி கட்டி, முதல் ஆளாப் போய் நின்னது பொன்னுத்தாய்தான்.

"உங்களுக்குச் சாந்தமான முகம்மா. கோவம் ஒட்டாது"ன்னு அனுப்பிட்டாங்க. சாணிக்கூடையோட வேடிக்கை பாக்க வந்த மணிமேகலையைப் பிடிச்சுப் போட்டுக்கிட்டாங்க. அன்னிக்கு வந்த எரிச்சல் பொன்னுத்தாய்க்கு இன்னும் அடங்கலை.

இன்னிக்கு இடைவேளைக்குச் சித்த முந்தி திரையில, பர்மாக்காரப் பொண்ணு விதைக்கடலை உடைக்கலாம்னு முறத்துக்கிட்ட வந்து உக்காருறா. மணிமேகலை அவ கையைத் தட்டிவிட்டு ஒரு கத்து கத்தினா பாருங்க.

"எந்திரிடி! எந்தச் சீமையில என்னத்தத் தின்னு வளந்தவளோ! ஒன் கை பட்ட வெதை எங்க கொல்லையில மொளைக்குமாடி?"

தியேட்டரே அதிருது. பொன்னுத்தாய் புருசன் ஆண்டியப்பன், கட்டுன பொண்டாட்டியை ஒரு நாள் பாராட்டாத மனுசன், சீட்டு மேல ஏறி நின்னு விசிலடிக்கிறாரு.

பொன்னுத்தாய்க்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. அடிப்பாவி! இது என் வசனமாச்சே!

இடைவேளை விட்டு வெளிய வந்தா, டெய்லர் கடை ராஜலட்சுமி மணிமேகலை கையைப் பிடிச்சுக் குலுக்குறா. "பிச்சு எடுத்துட்டீங்கக்கா! வசனம் யாரு எழுதிக் குடுத்தது?"

"எழுதியெல்லாம் குடுக்கலை. ஒனக்குத் தோணுறதைப் பேசும்மான்னாரு டைரக்டர். ஏதோ வாயில வந்துச்சு." மணிமேகலை சொல்லிட்டுத் தலையைக் குனிஞ்சுக்கிட்டா.

ஏதோ வாயில வந்துச்சாம்ல! அதுக்கு மேல பொன்னுத்தாய்க்குப் பொறுக்கலை. பக்கத்துல நின்ன மருமக பசந்தியை இழுத்துக்கிட்டுக் கூட்டத்துக்குள்ள புகுந்தா.

"பொய்யி! அம்புட்டும் நான் பேசுனது. எம்மவன் திருப்பூர்லேருந்து இவளைக் கட்டிக் கூட்டியாந்த அன்னிக்கு, எங்க வாசல்ல வெதைக்கடலை உடைச்சுக்கிட்டு இருந்தப்ப நான் பேசுனது. வேலிக்கு அங்கிட்டு நின்னு கேட்டவ, இன்னிக்குக் கைதட்டு வாங்குறா!"

யாரும் நம்பலை. ராஜலட்சுமி சிரிச்சா. "போங்கக்கா, ஒங்களுக்குப் பொறாமை!"

"பொறாமையா? எனக்கா? இந்தா நிக்குறால்ல சாட்சி!"

பசந்தி ஒடிசாக்காரப் பொண்ணு. வந்த நாலு வருசத்துல தமிழ் சுத்தமாப் பேசும். மாமியாருக்குத் தலைவலின்னா சுக்குக் காப்பி போட்டுக் குடுத்து, பக்கத்துலயே உக்காந்திருக்கும்.

"சொல்லுடி பசந்தி. இது யாரு வசனம்?"

பசந்தி நிமிரலை. கையில இருந்த தண்ணி பாட்டில் மூடியைத் திருகிக்கிட்டே நின்னா.

"ஒங்க வசனந்தான் அத்தை."

"கேட்டுக்கிட்டீங்களா? அதுவும் இந்த மணிமேகலை பாதியத்தான் பேசியிருக்கா. மீதிய நான் சொல்றேன், கேளுங்க…"

மணிமேகலை பாஞ்சு வந்து அவ வாயைப் பொத்தினா.

"வேணாம்க்கா! அந்தப் பாதியே என்னையும் அறியாம வந்திருச்சு. இன்னும் ரெண்டு வார்த்தை பேசும்மான்னு டைரக்டர் எம்புட்டுக் கெஞ்சியும், மீதிய நான் பேசலை. படம் பாக்க நம்ம பசந்தியும் வருவாள்ல?"