தளம் போடும் நாள்

“போச்சும்மா! மழை வந்துட்டுது. இனி எங்க தளம் போடறது?”

ஜீப்பிலிருந்து குடைகூட எடுக்காமல் ஓடிவந்தார் தேவானந்தம். பல்கலைக்கழகக் கட்டடப் பிரிவின் மேலாளர். புது மாணவியர் விடுதியின் சுவர்களுக்கு நடுவே நின்றிருந்த என்ஜினியர் ஜெனிஃபா சிரித்தாள்.

“ஏன் சார் பதர்றீங்க?”

“தளம் போடற அன்னிக்கு ஆளுங்களுக்கு பிரியாணின்னு சொல்லியிருக்கேன். ஆம்பூர்லேர்ந்து ரெண்டு தேக்சா நெறைய வந்துட்டிருக்குது. தளமே போடாம எப்படி விருந்து போடறது?”

“தாராளமா போடலாம் சார்.”

“வெளையாடறியா? தங்கச்சி வீட்டுக் கல்யாணத்துக்கு ஜோலார்பேட்டை போய்ட்டு வர்றதுக்குள்ள இங்க இன்னா நடந்திருக்குது? சென்ட்ரிங் பலகை இல்ல. முட்டு குடுக்க ஒரு கம்பு காணோம்!”

அவர் குரலோடு மழையும் வலுத்தது.

“சார், கொஞ்சம் உங்க சட்டையைத் தொட்டுப் பாருங்க.”

தொட்டார். ஓடிவந்தபோது நனைந்த தோளைத் தவிர எங்கும் ஈரமில்லை. மெல்ல அண்ணாந்து பார்த்தார். தலைக்கு மேலே, ஒரு சொட்டுகூட ஒழுகாமல், வழவழவென்று நின்றிருந்தது கூரை.

“தளத்தைத் துண்டு துண்டா ஃபேக்டரியிலயே வார்த்து லாரியில கொண்டாந்துட்டாங்க சார். நேத்தே கிரேன்ல தூக்கி வெச்சு இடுக்கெல்லாம் பூசிட்டோம். இதுக்கு முட்டே வேணாம்.”

கழுத்து வலிக்கும்வரை பார்த்துக்கொண்டே இருந்தார் தேவானந்தம். பிறகு செல்போனை எடுத்துப் பிரியாணிக்காரரை அழைத்தார்.

“பாய், அடுத்த மாடிக்கு இப்பவே அரிசி ஊறப் போட்டுடுங்க. நீங்க தம் பிரிக்கறதுக்குள்ள இந்தப் பொண்ணு தளம் போட்டுடும்!”