கதவில் மிஞ்சிய உப்பு

எதிர்வீட்டுக்காரன் முதலில் காருக்குள் கால் வைக்கும் ரப்பர் மாட்டுகளைத்தான் வெளியே எடுத்தான்.

கார் கழுவ வந்தவன் காரைத்தானே நனைப்பான்? இவன் உள்ளே குனிந்து, மாட்டுகளை இழுத்து வாசலில் போட்டான்.

எனக்கு அப்போதே ஒரு மாதிரி இருந்தது.

குளிர் போய்விட்டது. ரொறன்ரோவில் எங்கள் தெரு முழுக்க இந்தக் கிழமை இதே வேலைதான். பனிக்கால ரயரைக் கழற்றுவது, குளிர் முழுக்க றோட்டில் கொட்டிய உப்பைக் காரிலிருந்து கழுவுவது. அதில் ஒன்றுமில்லை.

ஆனால் இவன் மனைவி யோகராணி பனிக்கு முன்பே யாழ்ப்பாணம் போனவள். தாய்க்கு உடம்புக்கு ஏலாது. இந்த வார முடிவில் திரும்புகிறாள்.

அவள் இல்லாத குளிர்காலத்தில், சனிக்கிழமைகளில் ஒரு சிவப்புத் தொப்பி அந்த வீட்டுக்கு வந்து போனது.

தொப்பிக்குக் கீழே ஒரு பெண். இளம்பெண்.

நான் ஒளிந்து பார்ப்பவள் இல்லை. என் குசினி ஜன்னல் அந்தப் பக்கம் இருக்கிறது, அவ்வளவுதான்.

காலையில் யோகராணிக்கு ஒரு செய்தி அனுப்பியிருந்தேன். 'ஒரு கதை கிடக்கு. நேரம் இருக்கேக்கை போன் எடும்.'

பிறகு கறிவேப்பிலை கேட்கும் சாக்கில் தெருவைக் கடந்தேன்.

மாட்டுகளில் உப்பு காய்ந்து, சப்பாத்துத் தடங்கள் வெள்ளையாகப் படிந்திருந்தன.

ஓட்டுபவர் பக்கத்து மாட்டில் சின்னக் கால்.

பக்கத்து இருக்கை மாட்டில் பெரிய கால். அவனுடையது.

உள்ளே எட்டிப் பார்த்தேன். ஓட்டுபவர் இருக்கை ஸ்டியரிங்கோடு ஒட்டி இழுபட்டிருந்தது.

சரிதான். யோகராணி ஓட்டப் பழகக் கேட்டு எத்தனை வருடம். கார் கீறுப்பட்டுவிடும் என்று தொடவிடாதவன். சிவப்புத் தொப்பிக்குச் சாவியைக் கொடுத்துவிட்டு, துரை மாதிரிப் பக்கத்தில் இருந்து ஊர்வலம் போயிருக்கிறான்.

அவனுடைய இடப்பக்கமாகப் போய் நின்றேன். அவன் திரும்பவில்லை.

செருமினேன். தண்ணீர்ச் சத்தத்தில் கேட்கவில்லை போலும். ஒரு கை தூரத்தில் நிற்கிறேன், என்னைக் காணாதவன்போல் கதவைத் தேய்த்துக்கொண்டிருந்தான்.

கதவைப் பார்த்தேன்.

வலது பாதி கண்ணாடி மாதிரி. இடது பாதி முழுக்க உப்பு.

அடுத்த கதவும் அப்படித்தான்.

அவன் ஒரு அடி பின்னால் வந்து, வேலை முடித்தவன் மாதிரி ஸ்பொஞ்சைப் பிழிந்தான்.

"தம்பி."

திடுக்கிட்டான். கழுத்தை முழுவதுமாகத் திருப்பித்தான் என்னைக் கண்டுபிடித்தான்.

நான் மாட்டுகளைப் பார்த்ததை அவனும் பார்த்தான்.

"பொங்கலுக்குப் பிறகு ஒரு ஸ்ட்ரோக், அக்கா. சின்னன்தான். இடப்பக்கம் ஒண்டும் தெரியிறேல்லை. கார் ஓடக்கூடாதெண்டு டொக்டர் சொல்லிப்போட்டார், அண்ணன்ரை மகள்தான் சனிக்கிழமையளிலை வந்து காரிலை கொண்டுதிரிஞ்சவள். யோகத்துக்குத் தெரியாது. தெரிஞ்சால் தாயை விட்டிட்டு ஓடி வந்திருப்பா. வரட்டும், முகத்தைப் பாத்து நானே சொல்லவேணும்."

காரின் பக்கம் திரும்பினான்.

"அதுவரைக்கும் ஒரு வித்தியாசமும் தெரியப்படாது. பளிச்செண்டு இருக்கெல்லோ, அக்கா?"

என் கோட்டுப் பைக்குள் போன் அடித்தது.

யோகராணிதான். அவளுக்கு மட்டும் வைத்திருக்கும் பாட்டு.

"ஓம், பளிச்செண்டு இருக்கு" என்றேன்.

அவன் கையிலிருந்த ஸ்பொஞ்சை வாங்கி, முதல் கதவின் இடது பாதியில் வைத்தேன்.

போன் நின்றது. திரும்பவும் அடித்தது.

கை இரண்டும் ஈரம். அதனால்தான் எடுக்கவில்லை.