கரையான் தின்ற காகிதம்

"என்னை ஒரு வார்த்தை கேக்காம ஆபரேஷன் பண்ணிட்டாங்க தம்பி. முப்பத்தெட்டு வருஷமாச்சு. அந்தப் பேப்பரை மட்டும் கொஞ்சம் தேடிக் குடுங்க," என்றாள் பெரியம்மா.

மருத்துவமனையின் பழைய கோப்பு அறையில் இருந்த கிளார்க்குக்கு இந்த மாதம் மூச்சு விட நேரமில்லை. மாதம் இத்தனை பேர் என்று மேலிடத்துக்குக் கணக்குக் காட்ட, பிரசவத்துக்கு வந்த பெண்களுக்குச் சொல்லாமல் கொள்ளாமல் கருத்தடை ஆபரேஷன் செய்த காலம் ஒன்று இருந்தது. அந்தப் பெண்கள் மனுக் கொடுத்தால் அரசாங்கம் எழுத்து மூலம் மன்னிப்புக் கேட்கும் என்று இப்போதுதான் அறிவித்திருந்தார்கள். ரொம்பச் சீக்கிரம்தான்!

"ஒரே பொண்ணு. நாலு வயசுல காய்ச்சல்ல போயிட்டா. அப்புறம் மடி நிறையவே இல்ல."

பக்கத்தில் நின்ற கணவர் தரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வெளியில பெஞ்சுல உக்காருங்க பெரியம்மா. பாக்கறேன்."

அவள் போனாள். கணவர் மட்டும் நகரவில்லை. கிளார்க் பரணிலிருந்து அந்த வருஷத்துக் கட்டை இறக்கி, தூசி தட்டிப் புரட்டினான். சம்மதப் படிவம் கிடைத்தது. அடியில் கணவனின் கையெழுத்து பளிச்சென்று இருந்தது.

நிமிர்ந்து பார்த்தான். பெரியவர் முகத்தில் ஈயாடவில்லை.

"இன்னொரு பிரசவம்னா உயிருக்கே ஆபத்துன்னாங்க தம்பி. பயந்துபோய்ப் போட்டுட்டேன். அவ அழுதப்போ, எனக்கும் தெரியாதுன்னு வாய் கூசாமச் சொல்லிட்டேன். குழந்தையும் போனப்புறம் எந்த முகத்தை வெச்சுக்கிட்டுச் சொல்றது? அவளோட சேர்ந்து நானும் இந்த ஆஸ்பத்திரியத் திட்டியே காலத்தை ஓட்டிட்டேன்." கைகூப்பினார். "தெரிஞ்சா தாங்க மாட்டா."

கிளார்க்குக்கு மனசு இளகிவிட்டது. கட்டைக் கட்டி வைத்துவிட்டு வெளியே வந்தான்.

"அந்த வருஷத்துக் கட்டையெல்லாம் கரையான் அரிச்சிடுச்சு பெரியம்மா. ஒண்ணும் மிஞ்சல."

பின்னாலேயே வந்த பெரியவர் பெருமூச்சு விட்டார். பத்து வயது குறைந்தவர் போல ஆட்டோ பிடிக்கக் கிளம்பினார்.

பெரியம்மா எழுந்திருக்கவில்லை. கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டியது. கிளார்க் பதறினான்.

"அழாதீங்க. பேப்பர் இல்லாட்டியும் மனு எழுதலாம்."

"அதுல யார் கையெழுத்து இருக்குன்னு எனக்குத் தெரியும் தம்பி. மயக்கம் தெளிஞ்ச அன்னைக்கே நர்ஸ் காட்டிட்டாங்க," என்றாள் அவள். "அதை எடுத்து முன்னால வெச்சா, இன்னைக்காவது அவர் வாயால சொல்லிடுவார்னுதான் கூட்டிட்டு வந்தேன்."